கண்டக்டர் கேட்டது உங்களை அல்ல

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறான். பள்ளியில் டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்கிறான். சொந்தக்காரர்கள் வந்தால் என் முந்தானைக்குப் பின்னால் போய்விடுவான். பஸ்ஸில் கண்டக்டர் ‘என்ன படிக்கிற தம்பி?’ என்றால்கூட நான்தான் ‘நாலாவதுங்க, ரொம்பக் கூச்ச சுபாவம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிறு மட்டும் வருவார். தன்னம்பிக்கை வகுப்பு ஒன்றுக்கு மாதம் 2,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: வகுப்பு வேண்டாம். கண்டக்டரிடம் வருவோம்.

அவர் கேட்டது உங்களை அல்ல, பையனை. அவன் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் விட்டீர்கள்? ‘சொல்ல வேண்டியிருக்கிறது’ என்கிறீர்கள். யார் சொல்லச் சொன்னது? பிள்ளை பேசாமல் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பதற்றம் உங்களுடையது. அதை அடக்கத் தெரியாமல் அவன் பதிலை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள். போதாக்குறைக்கு, அவன் காதுபடவே ‘கூச்ச சுபாவம்’ என்று பஸ் முழுக்கச் சான்றிதழ் வேறு. பெற்ற தாயே சொன்ன பிறகு அவன் ஏன் பேச வேண்டும்? அந்தச் சொல்லை இன்றோடு விடுங்கள். பாட்டி, அத்தை, டீச்சர் யாரிடமும் அவன் எதிரில் அதைச் சொல்லக் கூடாது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் ஒன்றைக் கண்டு சொன்னார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நீங்கள் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். எண்ணும்போது அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், விலாவில் இடிக்காதீர்கள், ‘சொல்லுடா’ என்று கிசுகிசுக்காதீர்கள். ஐந்து எண்ணியும் பேசவில்லையா? ‘அப்புறம் சொல்லுவான்’ என்று சிரித்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லக் கூடாது. இறங்கிய பிறகு விசாரணையும் கூடாது.

டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கட்டணமில்லை, அவனுக்கு அரை டிக்கெட். அந்தக் காசை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். ‘தருமபுரி ஒரு அரை’. மூன்றே சொல். ஏறுவதற்கு முன்பு ஸ்டாப்பிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்க்கட்டும். முதல் நாள் காசை நீட்டுவதோடு நின்றாலும் போதும்.

அடுத்தது கடை. முதல் வாரம் ஒரே பொருள், சரியான சில்லறை: 10 ரூபாய்க்குக் கொத்தமல்லி. அது பழகியதும் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குப் பொருள். மீதி 18 என்பதை வீட்டிலேயே அவன் கணக்குப் போட்டுவிட்டுப் போகட்டும். கடை வாசலிலேயே எண்ணி வாங்கட்டும். மூன்றாவது வாரம் ‘அரைக் கிலோ எவ்வளவு?’ என்று அவனே விலை கேட்கிற மாதிரி ஒரு பொருள். பெரும்பாலான அம்மாக்கள் காரியத்தைக் கெடுப்பது இங்கேதான். சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், அல்லது கடைக்காரருக்கு முன்கூட்டியே போன் போடுவார்கள். சீட்டை நீட்டினால் அவன் பேச வேண்டியதே இல்லை. மல்லிக்குப் பதில் புதினாவோடு வந்தால் அன்று புதினாத் துவையல் அரையுங்கள். நீங்கள் ஓடிப்போய் மாற்றினால் ஒரு வார வேலை வீண். இரண்டு ரூபாய் குறைந்தால் குறையட்டும், 2,000 ரூபாய் வகுப்புக்கு அது மலிவு.

வீட்டிலும் ஒரு வேலை அவன் பேரில் இருக்க வேண்டும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, குடங்களைக் கழுவி எடுத்து வைப்பது, நிறைந்ததும் குழாயை மூடுவது. மறந்தால் நீங்கள் ஓசைப்படாமல் செய்து வைக்காதீர்கள். ‘சூப்பர்டா கண்ணா’ என்ற பாராட்டும் வேண்டாம். ‘இன்னிக்கு ஒரு குடம்கூட வழியலை’ என்று நடந்ததைச் சொன்னால் போதும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்டுத் தண்ணீர் கொடுப்பது பிள்ளையின் கடமை, அதில் சலுகை கிடையாது. மாமா கேட்டார் என்று நடுக்கூடத்தில் ரைம்ஸ் ஒப்பிப்பது கடமை அல்ல. அதை நீங்களே தடுத்துவிடுங்கள்.

டீச்சரைத் தனியாகப் பாருங்கள். நாளை கேட்கப்போகும் ஒரு கேள்வியை இன்றே அவனிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். முதலில் உட்கார்ந்தபடியே பதில், பிறகு எழுந்து நின்று. உங்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவீர்களானால் அதையும் சொல்லுங்கள். பக்கத்துப் பையன் சிரிப்பானோ என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. வீட்டில் தாராளமாகப் பேசுகிறவன் பள்ளியில் யாரிடமும், நண்பர்களிடம்கூட, ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று டீச்சர் சொன்னால் அது கூச்சம் அல்ல. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதையும் சோதித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் வருகிற அப்பா அந்த நாளைத் தூங்கிக் கழிக்கக் கூடாது. இந்த ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகட்டும். பையும் பணமும் பையனிடம் இருக்கட்டும். அப்பா பத்தடி தள்ளி நிற்கட்டும், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.