எந்நேரமும் உருப்படியாக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அழுத்தத்திலிருந்து விடுபட்டு அன்றாட வாழ்வில் அமைதி காண்பது எப்படி?

விடுமுறை நாளில் உட்கார்ந்திருந்தாலும் நேரத்தை வீணாக்குகிறோமோ என்ற உறுத்தல் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தியானம், அதிகாலையில் எழுவது, நாட்குறிப்பு என்று பலரும் பட்டியல் தருவார்கள். பட்டியலாலேயே மூச்சு முட்டுகிறவருக்கு இன்னொரு பட்டியல் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. சம்பளத்துக்கு விற்காத நேரத்தை அளப்பதை நிறுத்துங்கள் என்பதே என் பதில்.

ஆனால் முதலில், உங்கள் அழுத்தம் நீங்களே ஏற்றிக்கொண்டதா, பிறர் உங்கள் தலையில் கட்டியதா என்று பார்க்க வேண்டும். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் துவைகல்லிலும் நிற்கிற ஒருவரிடம் மனத்தை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்வது கேலி செய்வதற்குச் சமம். அவருக்கு வேண்டியது வேலையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்த மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிலாளர்கள் யாரும் மூச்சுப் பயிற்சிக்குப் போகவில்லை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சுமை வெளியிலிருந்து வந்தால் அதைக் குறைக்கும் வழியும் வெளியில்தான் இருக்கிறது.

உங்கள் கேள்வி அந்த வகையைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. செய்ய வேண்டிய வேலை முடிந்த பிறகும் மேற்பார்வையாளர் ஒருவர் மனத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய பூர்விகம் பழையது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர், ஆலை வேலையை நிறுத்துக் கடிகாரம் கொண்டு அளந்து, 1911-இல் அதை ஒரு கோட்பாட்டு நூலாகவே எழுதினார். 92 பவுண்டு எடையுள்ள இரும்புப் பாளங்களைச் சுமக்கும் தொழிலாளி நாளில் 43 விழுக்காடு நேரம்தான் சுமையோடு இருக்க முடியும், மீதி 57 விழுக்காடு நேரம் சுமையின்றி இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. எழுந்து நட என்றால் நடக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும். அப்படி ஆளுக்கு 12.5 டன்னாக இருந்த அன்றாடச் சுமை 47 டன் ஆனதாக அவர் எழுதினார். அந்தத் தொழிலாளிக்கு ஓய்வு நிறையவே கிடைத்தது. ஆனால் அதில் ஒரு நிமிடம்கூட அவனுடையதாக இல்லை. நன்றாக ஓய்வெடுத்தால் நாளை இன்னும் நன்றாக உழைக்கலாம் என்று இன்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதே கணக்குதான். அந்த நியாயத்தோடு எடுக்கும் ஓய்வில் உறுத்தல் ஒருபோதும் தீராது, ஏனென்றால் மறுநாள் அதற்குப் பலன் காட்டியாக வேண்டும்.

தை மாதத்தில் எங்கள் வீட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பது வழக்கம். ஊறவைத்த மொச்சையை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், தோல் விரலில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும்; கொஞ்சம் வேகமாக அழுத்திவிட்டால் சுவர் வரை பறக்கும். கை மட்டும் வேலை செய்கிற நேரம் காதையும் பயன்படுத்தலாமே என்று, சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பொருளாதார உரைகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டே பிதுக்குவேன். இப்போது காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. பெரியம்மா எதிரில் உட்கார்ந்து, முடிவே இல்லாமல் கிளை பிரிந்து செல்லும் பழைய சொத்துத் தகராறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார், விரல் நுனிகள் ஊறிச் சுருங்கும், குழம்பு தாமதமாகும். இதனால் எனக்கு எந்தத் திறமையும் கூடவில்லை என்பதைக் குறையாக நான் நினைக்கவில்லை.

நடைக்கும் இதே விதியைத்தான் வைத்திருக்கிறேன். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வு எதுவும் கண்டுபிடித்துச் சொன்ன எண் அல்ல அது. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் கணக்கு வைக்கச் சொல்லியிருந்தால் கட்டாயம் எண்ணுங்கள். மற்றவர்கள் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துப் படிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பரிதாபமாகவே இருக்கிறது. தடித்த நாவலைத் தொட அவர்களுக்குத் துணிவு வருவதில்லை.

அலுவலக வேலை மாலையிலும் மண்டைக்குள் ஓடுவதற்குக் காரணம் வேறு. முடித்த வேலைகளைவிட முடிக்காத வேலைகளே நினைவில் அதிகம் நிற்கின்றன என்று உளவியலாளர் ப்ளூமா ஜைகார்னிக் 1927-இல் எழுதினார். அந்த நச்சரிப்பை நிறுத்த வேலையை முடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்தாலே பெரும்பாலும் போதும் என்று 2011-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனவே கிளம்பும் முன், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், மிச்சமிருப்பவற்றை நேரத்தோடு எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வருகிறேன். தாள் சிறியது என்பது ஒரு வசதி. இத்தனைக்குப் பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராமலோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்தால், அதை மனநல மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.

முதல் சில வாரங்கள் கை தானாகக் கைப்பேசியைத் தேடும், தேடட்டும். அதைவிடக் கடினம் மற்றவர்களுக்குப் பதில் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். உடம்பு சரியில்லை, ஊரிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று சாக்குச் சேர்த்தால் பழைய கணக்கு மறுபடி திறந்துகொள்ளும். எங்கள் அலுவலகத்தில் திங்கள்தோறும் இதைக் கேட்கும் நண்பர் முதலில் நான் எதையோ மறைப்பதாக நினைத்தார். இப்போது தாம் மதியம் எவ்வளவு நேரம் தூங்கினார் என்பதை அவரே வந்து சொல்கிறார்.