எனக்கு ஃப்ளூ தடுப்பூசி அவசியமா?

'வயது முப்பது, நோய் எதுவும் இல்லை. ஊசி போட்ட நண்பருக்கே காய்ச்சல் வந்தது, அப்புறம் எதற்கு?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நண்பருக்கு வந்தது ஃப்ளூதானா என்பதே சந்தேகம். சளி, காய்ச்சலைக் கொண்டுவரும் வைரஸ்கள் 200-க்கும் மேல்; இந்த ஊசி ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளுயன்ஸாவுக்கு மட்டும்தான். அதுவும் பலன் தர இரண்டு வாரம் பிடிக்கும்.

தவிர, இது முழுக் கவசம் இல்லை. வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. எந்த வகைகளுக்கு ஊசி தயாரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது: பூமியின் வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். தயாரித்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வைரஸ் வேறு பக்கம் திரும்பிவிட்டால் பலன் குறையும். கணிப்பு நன்றாகப் பொருந்திய வருடங்களில், டாக்டரிடம் ஓடவைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. கேட்க சுமார்தான். ஆனால் ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கும் வாய்ப்பு குறைவு. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய லாபம்.

கை வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம், சரி. ஊசியாலேயே ஃப்ளூ வராது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை.

உங்கள் விஷயத்தில், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது; சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. கர்ப்பிணியோ, 65 தாண்டியவரோ, ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவரோ இருந்தால் அவர்களும் போட வேண்டும், நீங்களும் போட வேண்டும். தனியாக இருப்பவர் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் படுத்துக் கிடப்பதற்கு ஒரு நாள் கைவலி தேவலை. முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.