ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு விமானத்தில் ஒன்பதரை மணி நேரம் என்று பழைய பயணக் கையேடு ஒன்றில் படித்தேன். இப்போது பதின்மூன்று மணி நேரம் ஆகிறதாமே, உண்மையா? தொலைவு மாறாதபோது நேரம் மட்டும் எப்படிக் கூடியது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கையேட்டில் இருந்ததும் சரி, நீங்கள் கேள்விப்பட்டதும் சரி. இரு நகரங்களுக்கும் இடையே பூமிப்பரப்பின் வளைவையொட்டி அளந்தால் வரும் மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பவருக்கு வழி கஜகஸ்தான் பக்கமாகப் போவதுபோலத் தெரியும். உருண்டை மாதிரியில் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே வளைந்து சைபீரியாவின் மேல் செல்வதைக் காணலாம். அந்த வழியில்தான் ஒன்பதரை மணி நேரம் ஆயிற்று.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூட, ரஷ்யாவும் பதிலுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதனால் பின்லாந்தின் விமான நிறுவனமான பின்ஏர் மார்ச் மாதம் முதல் நார்வே, ஸ்வால்பார்ட் தீவுகள், வட துருவம், அலாஸ்கா என்று சுற்றிக்கொண்டு ஜப்பானை அடைகிறது. ஹெல்சிங்கியிலிருந்து துருவத்துக்கு மட்டுமே சுமார் 3,300 கிலோமீட்டர். துருவத்தைக் கடந்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ்கூடத் தந்தார்கள். கூடுதல் நேரத்துக்கு அது ஈடாகுமா என்பது வேறு விஷயம். துருக்கி, காஸ்பியன் கடல், மத்திய ஆசியா, சீனா வழியாகச் செல்லும் தென்பாதையும் உண்டு. சோவியத் காலத்திலும் இதே நிலைதான்: 1983-இல் அந்நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோதும் துருவத்தின் வழியாகவே, ஏறக்குறைய இதே பதின்மூன்று மணி நேரம் பறந்தது.

இரண்டு பாதைகளில் எதைத் தேர்வது என்பதில் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. கிழக்கே செல்லும் விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே திரும்பும் விமானத்தை எதிர்த்து நிற்கும். 1920-களிலேயே பலூன்களை அனுப்பி இக்காற்றை அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓய்ஷி வாசபுரோ. உலகெங்கும் படிக்கட்டும் என்று அவர் முடிவுகளை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டதாலோ என்னவோ, வெளிநாட்டில் அவற்றைக் கவனித்தவர் அரிது.

பயணச்சீட்டைப் பார்த்து நேரம் கணக்கிடுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அதிலுள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். ஜப்பான் பின்லாந்தைவிடக் குளிர்காலத்தில் 7 மணி நேரமும், கோடையில் 6 மணி நேரமும் முன்னால் இருக்கிறது. ஜனவரியில் மாலை 5.30-க்குப் புறப்படும் விமானம் மறுநாள் பிற்பகல் 1.30-க்கு டோக்கியோவில் இறங்குவதாக இருந்தால், இடைவெளி 20 மணி நேரம். அதில் 7-ஐக் கழித்தால் கிடைக்கும் 13 மணி நேரமே உண்மையான பயணம்.