கிளாமத் கவுன்டியில் பத்து ஏக்கர்: வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் போர்ட்லண்டில் வசிக்கிறோம். பசிபிக் கடலோரத்தில் எதிர்பார்க்கப்படும் கேஸ்கேடியா பெரும் நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து இங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஓரிகன் மாநிலத்தின் தெற்குப் பகுதியில் உள்ள கிளாமத் கவுன்டியில், காட்டுக்குள் மனை போட்ட இடத்தில் 10 ஏக்கர் மலிவாக வருகிறது. சோலார், போர்வெல், காய்கறி, கோழி, நாலைந்து ஆடு என்று யாரையும் நம்பாமல் வாழ அந்தக் கவுன்டி ஏற்றதா? வீட்டில் நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார்.

பதில்: நிலநடுக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சரியான திசையில்தான் பார்க்கிறீர்கள். 1700 ஜனவரி 26 அன்று கடைசியாக உடைந்த கேஸ்கேடியா பிளவு கடலுக்கு அடியில் இருக்கிறது. கவுன்டியின் முக்கிய நகரமான கிளாமத் ஃபால்ஸ் கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பதால் சுனாமி எட்டாது. குலுக்கலும் கடலோரம் அளவுக்கு இருக்காது. ஆனால் அந்தப் பகுதிக்கென்று சொந்தப் பிளவுகள் உண்டு. 1993 செப்டம்பர் 20 இரவு 5.9, 6.0 என அடுத்தடுத்து இரண்டு நிலநடுக்கங்கள் வந்து இருவர் இறந்தார்கள். வீட்டை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்குவது அங்கேயும் தேவை.

"கவுன்டி ஏற்றதா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் தேசிய ஆபத்துக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தக் குறியீடு ஓர் ஆண்டில் அங்கே எத்தனை டாலர் இழப்பு எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டது. வீடுகளும் ஆட்களும் குறைந்த இடத்தில் இழக்கவும் குறைவாகத்தான் இருக்கும். மதிப்பெண்ணும் நன்றாக வரும். உங்கள் ஒரு வீடு எரியுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. அதோடு, கிளாமத் கவுன்டி ஏறத்தாழ 6,000 சதுர மைல். ஏரிக்கரை வயலும் மேட்டுக்காடும் ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கவுன்டியை விட்டுவிட்டு அந்தப் பத்து ஏக்கரைப் பாருங்கள்.

முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கிளாமத் ஃபால்ஸில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 14 அங்குலம். மேற்கே உள்ள மலைகளில் பெய்யும் பனி உருகித்தான் ஏரியும் ஆறுகளும் நிறைகின்றன. அந்த நீருக்கு உரிமை வரிசை உண்டு: முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை. கிளாமத் பழங்குடியினரின் உரிமையை 2013இல் மாநிலம் 'நினைவுக்கு எட்டாத காலத்தது' என்று உறுதிப்படுத்தியது. அவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நிலம் வாங்குகிறவர் அதன் விளைவையும் தெரிந்திருக்க வேண்டும். 2001இல் ஏரி மீன்களையும் சால்மனையும் காக்க, பாசனத்துக்கான நீரைக் கூட்டாட்சி அரசு பெருமளவு நிறுத்தியது. 2021 வறட்சியில் பாசனத் திட்டத்தின் முதன்மை வாய்க்காலே திறக்கப்படவில்லை. வாய்க்கால் வறண்டால் விவசாயிகள் நிலத்தடி நீரை இறைப்பார்கள். பக்கத்து வீட்டுப் போர்வெல்லில் மட்டம் இறங்கும். அந்த ஆண்டு நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின.

ஆகவே, மாநில நீர்வளத் துறை இணையத்தில் வைத்திருக்கும் கிணற்றுப் பதிவுகளைத் திறந்து, உங்கள் நிலத்தைச் சுற்றி ஒரு மைலுக்குள் தோண்டிய ஒவ்வொரு போர்வெல்லையும் பாருங்கள். எத்தனை அடி ஆழம், எந்த ஆழத்தில் தண்ணீர், நிமிடத்துக்கு எத்தனை கேலன், எந்த ஆண்டு. பழைய கிணறுகள் 100 அடியிலும் புதியவை 400 அடியிலும் இருந்தால் அங்கே மட்டம் இறங்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். இன்னொன்று: ஓரிகனில் வீட்டு உபயோகத்துக்கு நாளுக்கு 15,000 கேலன் வரையும், விற்பனைக்கல்லாத அரை ஏக்கர் தோட்டத்துக்கும் உரிமம் இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கலாம். குடும்பத்துக்குக் காய்கறி விளைய அரை ஏக்கர் தாராளம். ஆடுகளுக்குக் குடிநீரும் காட்டலாம். ஆனால் அவற்றுக்குத் தீவனம் விளைவிக்க அதற்கு மேல் பாசனம் செய்தால் நீர் உரிமை வேண்டும்; 2024இல் விதிகள் இறுகிய பிறகு புதிய உரிமை கிடைப்பது மிகக் கடினம். கூரை மழைநீரைச் சேமிக்கத் தடையில்லை. கோடையில் மழையே அரிது என்பதால் பெரிய தொட்டி வையுங்கள்.

அடுத்தது தீ. 2021 ஜூலை 6 அன்று இதே கவுன்டியில் மின்னலில் பிடித்த பூட்லெக் காட்டுத்தீ 4,13,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. நீங்கள் சொல்வது போன்ற மலிவான காட்டு மனைகள் இத்தகைய தீக்கு வழியில் இருப்பவை. அங்கே மூன்று கேள்விகள்: நிலம் ஏதாவது தீயணைப்பு மண்டலத்தில் சேர்ந்ததா? வெளியேற இரண்டு பாதைகள் உண்டா? காப்பீட்டு நிறுவனம் எழுத்தில் என்ன சொல்கிறது? ஒரே ஒரு மண் சாலைதான் என்றால், மாமியாரை வைத்துக்கொண்டு அங்கே குடியேற வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கிளாமத் ஃபால்ஸ் 4,100 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூனிலும் உறைபனி விழக்கூடும். உருளைக்கிழங்கு, வெங்காயம், கோஸ், கேரட் நன்றாக வரும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் பசுமைக்குடில் இல்லாமல் நம்பி இறங்காதீர்கள். வெயில் மட்டும் தாராளம். சோலாருக்கு மேற்கு ஓரிகனைவிட நல்ல வசதி.

மனை விளம்பரங்கள் சொல்லாத ஒன்று: 1973 முதல் ஓரிகனில் நிலப் பயன்பாட்டுச் சட்டம் கண்டிப்பானது. விவசாய மண்டலத்திலோ வன மண்டலத்திலோ 10 ஏக்கர் வைத்திருப்பதால் மட்டும் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. செப்டிக் டேங்குக்கு மண் ஏற்றதா என்ற ஆய்வும் வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் கவுன்டி திட்ட அலுவலகத்தில் மனை எண்ணைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"யாரையும் நம்பாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரிகனின் எரிபொருளில் 90 சதவீதத்துக்கு மேல் போர்ட்லண்டில் ஆற்றங்கரைத் தொட்டிகள் வழியாக வருகிறது. கேஸ்கேடியா உடைந்தால் அந்தத் தொட்டிகள் முதலில் பாதிக்கப்படும்; அதிகம் குலுங்காத கிளாமத்திலும் டீசலுக்குத் தட்டுப்பாடு வரும். ஜெனரேட்டரை நம்பி போர்வெல் மோட்டாரை ஓட்டாதீர்கள். சோலாரில் ஓடும் பம்பும், மேட்டில் ஒரு தொட்டியும் இருக்கட்டும். மருத்துவமனை கிளாமத் ஃபால்ஸ் நகரில் இருக்கிறது. பனிக்காலத்தில் நிலத்திலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஜனவரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

என் முடிவு: அந்தக் காட்டு மனையை விடுங்கள். அதே பணத்துக்கு, கிளாமத் ஃபால்ஸிலிருந்து அரை மணி நேரத்துக்குள், தார்ச் சாலையில், ஓடுகிற போர்வெல்லோடு இரண்டு மூன்று ஏக்கர் கிடைக்குமா என்று தேடுங்கள். கூடுதலாகச் செலவானாலும் அதுவே மேல். கிணறு உள்ள வீட்டை விற்பவர் ஆர்செனிக், நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி மூன்றுக்கும் தண்ணீரைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது ஓரிகன் சட்டம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, அண்டைப் பாசனம் உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டில் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க ஒப்பந்தத்திலேயே நிபந்தனை எழுதுங்கள்.