காலையில் மங்கல், பத்து மணிக்குத் தெளிவு: மாற்றுக் கருவிழியில் வீக்கமா?

கேள்வி: சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கிறோம். மகனுக்கு 24 வயது. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி புடைக்கிற கெரட்டோகோனஸ் நோய் என்று போன வருசம் வலது கண்ணில் கருவிழி மாற்று ஆபரேசன் செய்தார்கள். பார்வை நன்றாக வந்தது. இப்போது பத்து நாளாகக் காலையில் எழுந்தால் புகைமூட்டமாகத் தெரியுதுங்கிறான். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. லேசாகச் சிவந்திருக்கிறது, வலி இல்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஒரு மாதமாக விடவில்லை. மெடிக்கலில் கேட்டு வேறொரு சொட்டு மருந்து வாங்கி விடுகிறோம். அடுத்த செக்கப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமுங்களா?

பதில்: பொறுக்க வேண்டாமுங்க. இதைப் படித்த கையோடு ஆபரேசன் செய்த இடத்துக்கு போன் போட்டு, "மாற்றுக் கருவிழி, காலையில் மங்கலாகிறது, கண் சிவந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அன்றைக்கே வரச் சொல்வார்கள். அவர்களைப் பிடிக்க முடியாவிட்டால், கோவையில் கருவிழிப் பிரிவு உள்ள எந்தக் கண் மருத்துவமனைக்கும் போகலாம்.

பத்து மணிக்குத் தெளிந்துவிடுகிறதே என்ற தைரியத்தில்தான் பலர் நாளைக் கடத்துகிறார்கள். கருவிழி அரை மில்லிமீட்டர் கனம்தான். அதன் உள்பக்கத்தில் எண்டோதீலியம் என்று ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் கசிகிற நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றுவது அவற்றின் வேலை. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 செல்கள் இருக்கும். செத்த செல்லுக்குப் பதில் புதிது முளைக்காது. பக்கத்தில் உள்ளவை அகன்று அந்த இடத்தை மூடிக்கொள்ளும். எண்ணிக்கை 500 பக்கம் இறங்கினால் நீர் தேங்கி வீங்கும். இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாவதில்லை, விடியும்போது வீக்கம் கூடுதலாக இருக்கும். கண் திறந்து சில மணி நேரம் காற்றுப் பட்டதும் ஈரம் குறைந்து பார்வை தெளிகிறது. ஆனால் உள்ளே இறைக்கும் வேலை தொய்ந்தது தொய்ந்ததுதான்.

ஏன் தொய்ந்தது என்பதைப் பொறுத்தே வைத்தியம். உங்கள் மகன் விசயத்தில் எனக்கு முதல் சந்தேகம், தானமாக வந்த கருவிழியை உடம்பு நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம் என்பது. மருந்தை நிறுத்தியது, சிவப்பு, மங்கல் மூன்றும் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. வலி இல்லை என்பதை நம்பாதீர்கள். நிராகரிப்பில் பல சமயம் வலியே இருக்காது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால் கருவிழியின் உள்முகத்தில் வெள்ளைப் பொட்டுகளோ, சில சமயம் ஒரு கோடோ தெரியும். உறுதியானால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விடச் சொல்வார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலும் கருவிழி பழையபடி தெளிந்துவிடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் திரும்பி வராத செல்களைத் தின்கிறது.

அப்படியானால் பழைய பாட்டிலை எடுத்து நாமே விட்டால் என்ன என்று தோன்றும். கூடாது. ஹெர்பிஸ் என்ற வைரஸ் கிருமி மாற்றுக் கருவிழியைத் தாக்கினாலும் இதேபோல வீங்கும்; அப்போது வைரஸ் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் விட்டால் கேடு. கண் அழுத்தம் ஏறினாலும் வீங்கும், அந்த அழுத்தத்தை ஏற்றுவதும் சில சமயம் ஸ்டீராய்டுதான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: நீர் கோத்த கருவிழியில் அழுத்தம் பார்க்கும் கருவி உள்ளதைவிடக் குறைத்தே காட்டக்கூடும். தளர்ந்த தையலும் தொல்லை தரும்.

மெடிக்கலில் வாங்கியதை நிறுத்திவிடுங்கள், ஆனால் பாட்டிலை எறியாமல் கையில் கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். முழுக் கனத்தையும் மாற்றினார்களா, எண்டோதீலியம் உள்ள மகனுடைய உள்படலத்தை விட்டுவிட்டு மேலடுக்கை மட்டும் மாற்றினார்களா என்பது அதில் இருக்கும். பின்னது என்றால் உள்படலம் சொந்தம், அதை உடம்பு நிராகரிக்காது. வீக்கத்துக்கு வேறு காரணம் தேடுவார்கள்.

5 சதவீத உப்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால் விடலாம். அது நீரை உறிஞ்சிக் காலை மங்கலைக் குறைக்கும், மூல காரணத்தைத் தொடாது. ஒருவேளை செல்கள் மீளாமலே போனால், முழுக் கருவிழியையும் மறுபடி மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உள்படலத்தை மட்டும் வைத்துக் காற்றுக் குமிழியால் ஒட்டவைக்கும் சிகிச்சை பலருக்குப் போதும்.

வைத்தியம் தொடங்கியபின், தினமும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை ஒரே தூரத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள். எழுந்ததும் எது வரை தெரிகிறது, எத்தனை மணிக்குச் சின்ன எழுத்தும் தெளிகிறது என்று எழுதி வைத்தால் டாக்டருக்கு உதவும்.

தறிக்குடோனில் பஞ்சு பறக்கும், ஆடிக் காற்றில் புழுதி வேறு. அரித்தால் கையை வைத்துக் கசக்குவான். பக்கம் மூடிய கண்ணாடி இல்லாமல் உள்ளே விடாதீர்கள். கசக்குவது கெரட்டோகோனஸை முற்றச் செய்யும் என்பதால் இடது கண்ணையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்; அங்கே நோய் வளர்ந்துகொண்டிருந்தால் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுக்கும் சி3ஆர் சிகிச்சை அதைத் தடுக்கப் பார்க்கும்.