ஊர் கூடி எழுதும் கட்டுரை: வாசகர் கேள்வி – பதில்

தம் நகரத்தைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைச் செம்மைப்படுத்த முனைந்துள்ள வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் நகரக் கட்டுரையை விரிவாக்கி வருகிறோம். மக்கள்தொகையிலேயே வழக்கு தொடங்கிவிட்டது. நான் ஓர் எண்ணை இட்டால், மறுநாள் வேறொருவர் அதைவிட இரு மடங்கான எண்ணை இடுகிறார். இருவரிடமும் அரசு ஆவணமே சான்றாக உள்ளது. யாருடைய எண்ணை ஏற்பது?

பதில்: இருவருடைய எண்ணும் சரியாகவே இருக்கக்கூடும். உள்ளாட்சி மன்றத்தின் எல்லைக்குள் வாழ்வோரை மட்டும் எண்ணுவது ஒரு கணக்கு. அந்த எல்லையைத் தாண்டி இடைவெளியின்றிப் பரவிவிட்ட புறநகர்களையும் சேர்த்து எண்ணுவது மற்றொரு கணக்கு. டோக்கியோவைப் பாருங்கள். 'டோக்கியோ நகரம்' என்ற நிர்வாக அமைப்பே 1943-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதன் பழைய எல்லைக்குள் இன்றுள்ள 23 சிறப்பு வட்டங்களில் ஏறத்தாழ 97 லட்சம் பேர் வாழ்கிறார்கள். டோக்கியோ பெருநகர நிர்வாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம். அண்டை நிர்வாகப் பகுதிகளுக்குள் நீளும் நகர்ப்பரப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம். இம்மூன்றில் எதையும் பொய்யென்று தள்ள முடியாது. எந்த எல்லை, எந்த ஆண்டு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால்தான் அது பிழையாகிறது.

ஆகவே இரண்டு எண்களையும் எல்லை, ஆண்டு, சான்று ஆகியவற்றோடு தனித்தனி வரிகளில் தாருங்கள். கட்டுரையின் மேற்பகுதியில் அடிப்படை விவரங்களைத் தரும் தகவற்பெட்டியில் இவற்றுக்கென்று தனித்தனி இடங்கள் உண்டு. அப்படியே, பரப்பளவையும் மக்களடர்த்தியையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஒருவர் மக்கள்தொகையைப் புறநகர் சேர்ந்த கணக்குக்கு மாற்றியிருப்பார். பரப்பளவோ உள்ளாட்சி எல்லைக்குரியதாகவே நின்றுவிட்டிருக்கும். மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் வகுத்து, சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று எழுதி வைத்திருப்பார். அந்த அடர்த்தி எந்த ஆவணத்திலும் இராது. ஆயினும் பலர் அதை எடுத்தாளத் தொடங்கிவிடுவார்கள்.

மாறி மாறி அழித்து எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை மீளமைப்பவர் தொகுப்பதிலிருந்து தடை செய்யப்படலாம். அதற்காக மூன்று முறை மீளமைக்க உரிமை உண்டு என்று பொருள் கொள்வதற்கில்லை. இரண்டாம் முறையிலேயே கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது. அங்கே, "நான் இட்ட எண் உள்ளாட்சி எல்லைக்குரியது, தாங்கள் இட்டது புறநகர் சேர்ந்தது என்று தோன்றுகிறது, இரண்டையும் தனி வரிகளில் தரலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான பூசல்கள் இவ்வளவிலேயே தணிந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதும் பழக்கமும் வேண்டும். "திருத்தம்" என்று ஒரு சொல்லை மட்டும் எழுதுவது, ஒன்றும் எழுதாமல் விடுவதைவிட எவ்வகையிலும் மேலானதன்று.

கேள்வி: நான் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்து முதுமை எய்தியவன். இன்று பேருந்து நிலையம் உள்ள இடத்தில் என் இளமையில் ஏரி இருந்தது. அதைக் கட்டுரையில் எழுதினேன். முகம் தெரியாத ஓர் இளைஞர் 'சான்று தேவை' என்று குறியிட்டு, சில நாள்களில் நீக்கியும் விட்டார். கண்ணால் கண்டவன் சொல்லுக்கு மதிப்பில்லையா?

பதில்: ஐயா, தங்கள் வருத்தம் நியாயமானதே, எனினும் அந்த இளைஞர் செய்ததும் முறையானதே. நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை (சான்று கொண்டு சரிபார்க்க இயலுதல்), சொந்த ஆய்வைச் சேர்க்காமை என்னும் மூன்றும் விக்கிப்பீடியாவின் உள்ளடக்கக் கொள்கைகள். தங்கள் நேர்மையை எவரும் ஐயுறவில்லை. தங்களைத் தேடிவந்து கேட்க இயலாத, வேறெங்கோ இருக்கும் ஒரு வாசகர் இச்செய்தியைத் தாமே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதே அங்குள்ள எதிர்பார்ப்பு. தங்களுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தால், ஏரியே இருந்ததில்லை என்று அடித்துப் பேசும் இன்னொரு முதியவருக்கும் அதை அளிக்க வேண்டிவரும்.

தங்களிடம் உள்ள நினைவு, சான்று எங்கே கிடைக்கும் என்பதற்கு மிக நல்ல துப்பு. ஏரி எந்த ஆண்டுவாக்கில் தூர்க்கப்பட்டது என்பது தங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அந்த ஆண்டுகளின் நாளிதழ்த் தொகுப்புகள், நில அளவை வரைபடங்கள், அரசு விவரச்சுவடிகள், உள்ளாட்சி மன்றத்தின் அச்சிட்ட அறிக்கைகள் ஆகியவற்றைப் பெரிய நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ தேடலாம். இணையத்தில் இல்லாத நூலும் ஏற்புடைய சான்றுதான்; நூற்பெயர், பதிப்பாளர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்தால் போதும். நடக்க இயலாதெனில், அந்த இளைஞரையே நூலகத்துக்கு அனுப்பித் தேடச் சொல்லுங்கள். நீக்கியவரையே துணைக்கு அழைப்பது விந்தையாகத் தோன்றலாம்; ஆனால் சான்று கேட்பதில் அவ்வளவு அக்கறை காட்டுபவர்தான் அதைத் தேடுவதிலும் சலிப்படையமாட்டார். ஏரியைத் தாங்களே எடுத்த பழைய நிழற்படம் இருந்தால் அதன் உரிமை பொதுவாகத் தங்களுடையது. விக்கிப்பீடியாவில் பயன்படும் படங்களைச் சேமித்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில், எவரும் எடுத்தாள இடம் தரும் கட்டற்ற உரிமத்தில் அதைப் பதிவேற்றலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அண்மையில் வந்த செய்தித்தாள் கட்டுரை ஒன்று ஏரியைப் பற்றிச் சொல்கிறது என்பதால் உடனே அதைச் சான்றாக்கிவிடாதீர்கள். தாங்கள் எழுதிய வரி நீக்கப்படுவதற்கு முன் யாரேனும் ஒரு செய்தியாளர் கண்ணில் பட்டு, அங்கிருந்து செய்தித்தாளுக்குப் போயிருக்கலாம். அச்செய்தியையே மேற்கோளாக்கினால் தங்கள் சொல்லுக்குத் தங்கள் சொல்லே சாட்சி என்றாகிவிடும். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த வரி சேர்க்கப்பட்ட நாளையும் செய்தி வெளியான நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நகருக்குப் பழைய பெயர் ஒன்றும் புதிய பெயர் ஒன்றும் உண்டு. தலைப்பு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் இரு அணியாகப் பிரிந்துவிட்டோம்.

பதில்: தங்களுக்கு முன்பே பலர் இப்போரை நடத்தி ஓய்ந்திருக்கிறார்கள். போலந்திலுள்ள கதான்ஸ்க் நகரத்தின் செருமானியப் பெயர் டான்சிக். ஆங்கில விக்கிப்பீடியாவில் இவ்விரண்டில் எதை எழுதுவது என்ற சச்சரவு முற்றி, 2005-இல் வாக்கெடுப்பு வரை சென்றது. 1308 முதல் 1945 வரையிலான காலத்தைப் பேசும்போது டான்சிக் என்றும், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்றும் எழுதுவதென முடிவாயிற்று. இம்முடிவு எல்லோரையும் மகிழ்வித்திருக்காது. ஆனால் 'எது உண்மையான பெயர்' என்ற, விடை காண முடியாத கேள்வியை விட்டுவிட்டு, 'எந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பெயர்' என்ற, விடை காணக்கூடிய கேள்விக்கு வந்தது அறிவுடைமை. உக்ரைன் தலைநகரின் கட்டுரையும் நெடுங்கால விவாதத்துக்குப் பின் 2020 செப்டம்பரில்தான் அங்கே கியெவ் என்பதிலிருந்து கீவ் என்று பெயர் மாற்றப்பட்டது.

தலைப்புக்கு, இன்றைய நம்பகமான நூல்களிலும் இதழ்களிலும் பெரிதும் வழங்கும் பெயரைக் கொள்ளுங்கள். மற்றப் பெயரை முதல் வாக்கியத்திலேயே குறிப்பிட்டு, அப்பெயரில் தேடுவோரும் இக்கட்டுரைக்கே வந்து சேருமாறு வழிமாற்று அமையுங்கள். அதன் பின்னும் இணக்கம் ஏற்படாவிட்டால், தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடலுக்கான ஆலமரத்தடியில் விவகாரத்தை வைத்து, இரு அணியிலும் சேராதவர்களின் கருத்தைக் கேட்கலாம்.

கேள்வி: 'எழில் கொஞ்சும்', 'உலகப் புகழ் பெற்ற' போன்ற சொற்களை நீக்குகிறார்கள். ஊரைப் புகழ்ந்து எழுதுவது குற்றமா?

பதில்: குற்றமன்று; ஆனால் கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. கோபுரம் எத்தனை அடி உயரம், எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று எழுதுங்கள். வியப்பதை வாசகர் பார்த்துக்கொள்வார். 'புகழ்பெற்ற மனிதர்கள்' என்ற பட்டியலையும் அவ்வப்போது கவனியுங்கள். நகரக் கட்டுரைகளில் உறவினர்களும் நண்பர்களும் சத்தமின்றிக் குடியேறும் இடம் அதுதான்.

கேள்வி: நகராட்சி இணையதளத்தில் நகர வரலாறு அழகாக எழுதப்பட்டுள்ளது. அப்படியே எடுத்து ஒட்டலாமா?

பதில்: கூடாது. விக்கிப்பீடியாவின் எழுத்து, படைப்பாக்கப் பொதுமங்களின் (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் கீழ் எவரும் எடுத்தாளும்படி வெளியாகிறது. பிறர் பதிப்புரிமையுள்ள எழுத்தை அவ்வாறு வழங்கத் தங்களுக்கு உரிமையில்லை. செய்தியை எடுத்துக்கொண்டு சொந்த நடையில் எழுதி, மூலத்தைச் சுட்டுங்கள்.

கேள்வி: நான் எடுத்த படத்தையே பொதுவகத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். நகரின் புதிய கலையரங்கம்தான் படத்தில் இருந்தது.

பதில்: படம் தங்களுடையது, கட்டடத்தின் வடிவமைப்பு கட்டடக் கலைஞருடையது. பொது இடத்தில் நிற்கும் கட்டடத்தைப் படமெடுத்துத் தடையின்றி வெளியிடும் உரிமை எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இல்லை. 1958 உலகக் கண்காட்சிக்காக பிரசெல்சில் எழுப்பப்பட்ட அட்டோமியத்தின் படங்களை, 2016-இல் பெல்ஜியம் தன் சட்டத்தைத் திருத்தும் வரை பொதுவகத்தில் வைத்திருக்க இயலவில்லை. வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் படங்களையே பொதுவகம் ஏற்பதால், தங்கள் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். தந்தால், அந்த விதியைச் சுட்டிக்காட்டி மீட்கக் கோரலாம். தராவிட்டால், பழைய கட்டடங்களின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டியதுதான்.

கேள்வி: நான் நகராட்சியின் மக்கள் தொடர்புப் பிரிவில் பணிபுரிகிறேன். கட்டுரையில் குப்பை மேலாண்மையைக் குறைகூறும் பத்தி ஒன்று உள்ளது. அதை மாற்றும்படி மேலதிகாரி சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ஊதியம் பெற்றுத் தொகுப்பவர், தமக்கு ஊதியம் தருபவர் யார் என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்று விக்கிமீடியா நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகள் 2014 முதல் வலியுறுத்துகின்றன. ஆகவே தங்கள் பயனர் பக்கத்தில் பணியைக் குறிப்பிடுங்கள். அந்தப் பத்தியில் தாங்களே கை வைக்காமல், உரையாடல் பக்கத்தில் எந்த வாக்கியம் எந்த விவரத்தில் தவறு என்பதை, நகராட்சியைச் சாராத சான்றோடு எழுதிப் பிறரிடம் விடுங்கள். பத்தி முழுவதையும் சத்தமின்றி நீக்கினால் வரலாற்றுப் பக்கத்தில் நாளும் நேரமும் பயனர் பெயரும் பதிவாகியிருக்கும் என்பதையும், அப்பக்கத்தை எந்தச் செய்தியாளரும் திறந்து பார்க்கலாம் என்பதையும் மேலதிகாரியிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.