வேர்டில் 82 பக்கம், லிப்ரே ஆபீஸில் 87 பக்கம்

கேள்வி: வேர்டில் தயாரித்த ஆய்வேட்டை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திறந்தால் 82 பக்கம் 87 ஆகிறது. முன்பகுதியின் ரோமன் எண்களும், அட்டவணைக்காக வைத்த படுக்கைவசப் பக்கமும் குழம்புகின்றன. எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தாள் அளவும் ஓர இடைவெளியும் கோப்பில் எண்களாகவே இருப்பதால் பெரும்பாலும் பிசகாமல் வந்துவிடும். பக்கம் கூடியதற்கு எழுத்துருவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லதா, நிர்மலா இரண்டும் விண்டோஸுக்கான தமிழ் எழுத்துருக்கள். அவை இல்லாத கணினியில் ரைட்டர் வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். 'சிங்கிள்' வரி இடைவெளியோ எழுத்துருவுக்குள் குறித்துள்ள உயரத்தைப் பொறுத்து மாறுவது. வரிக்கு 1 பாயிண்ட் கூடினாலே, 30 வரிப் பக்கத்தில் ஒரு வரிக்கு மேல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். 80 பக்கத்தில் அது எவ்வளவு சேரும் என்று பாருங்கள்!

இரு கணினிகளிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை நிறுவுங்கள். வேர்டில் உடற்பகுதி ஸ்டைலின் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 20 பாயிண்ட் ஆக்குங்கள். 12 பாயிண்ட் எழுத்துக்கு அது போதும். வரிக்குள் வைத்த படங்கள் இதனால் வெட்டுப்படும், அந்தப் பத்திகளுக்கு மட்டும் 'சிங்கிள்' இருக்கட்டும்.

அடுத்தது பிரிவுகள். வேர்ட் பக்க அமைப்பைப் பிரிவின் முடிவில், செக்‌ஷன் பிரேக்கில் (பிரிவை முடிக்கும் குறியில்) வைக்கிறது. ரைட்டரோ தொடக்கத்தில் வைக்கிறது: புதுப் பக்கத்தின் முதல் பத்தியே பேஜ் ஸ்டைலை, அதாவது பெயரிட்டு வைத்த பக்க அமைப்பை, சுமக்கும். ஆகவே வேர்டில் பிரேக்கை அழித்தால் மேலே உள்ள பக்கங்கள் கீழ்ப்பிரிவின் அமைப்புக்கு மாறும். ரைட்டரில் அழித்தால் கீழே உள்ளவை மேலுள்ளதைப் பின்பற்றும். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

சரிசெய்ய, ரைட்டரில் முதல் இயலின் முதல் பத்தியில் கர்சரை வைத்து ஃபார்மேட், பாராகிராஃப், டெக்ஸ்ட் ஃப்ளோ என்று செல்லுங்கள். பிரேக் பகுதியில் பேஜ் ஸ்டைலைத் தேர்ந்து, பக்க எண் 1 கொடுங்கள். ரோமன் எண் வடிவத்தை முன்பகுதியின் பேஜ் ஸ்டைலில் வையுங்கள். அட்டவணையின் படுக்கைவசப் பக்கத்துக்கும் தனி பேஜ் ஸ்டைல் தேவை. அட்டவணைக்குப் பின்வரும் பத்தியில் நிமிர்ந்த பக்கத்தின் ஸ்டைலை மறுபடி குறிப்பிட மறக்காதீர்கள்.

ரைட்டர் ஒற்றைப்படை எண்ணை எப்போதும் வலப்பக்கமாகவே கொள்ளும். முன்பகுதி iii-இல் முடிந்து அடுத்தது 1 என்றால் இடையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் தானே செருகும். அது வேண்டாமென்றால் பிடிஎஃப் ஏற்றுமதியின்போது, தானாகச் செருகிய வெற்றுப் பக்கங்களுக்கான குறியை எடுத்துவிடுங்கள்.

இவற்றைச் செய்தபின் கோப்பை இரண்டு செயலிகளிலும் மாற்றி மாற்றிச் சேமிக்காதீர்கள். ஒன்றிலேயே முடித்து, அச்சகத்துக்குப் பிடிஎஃப்பாகக் கொடுங்கள்.